சல்லடையில் மாட்டிக்கொண்ட பிள்ளைக்கு

அன்புக் கண்ணாவுக்கு அம்மா எழுதிக்கொள்வது. இங்கே நான் நலம், அப்பா நலம், அவருடைய முழங்கால் மட்டும் இன்னும் அரைகுறை நலம். அங்கே நீ முழு நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். போனில் சொல்லிவிடலாம்தான், ஆனால் பேசினால் அப்பா காதில் விழும், அதுவும் போக இது ஒரு மூச்சில் சொல்லித் தீருகிற சேதி இல்லை. உன் அம்மா ஒரு எக்ஸ்டென்ஷன் செய்துவிட்டாள். சிரிக்காதே. பிரவுசரில் ஒட்டிக்கொண்டு வேலை பார்க்குமே, அந்தக் குட்டி நிரலைத்தான் சொல்கிறேன். பாடப்புத்தகத்தில் பிழை திருத்திக்கொண்டிருக்கிற நான், ஐம்பத்தாறு வயதில், என் கையால் செய்தேன். பெயர் சல்லடை.

ஏன் செய்தேன் என்று கேள். முழங்கால் ஆபரேஷனுக்குப் பிறகு அப்பாவுக்கு ஆறு வாரம் விடுப்பு. இருபத்தெட்டு வருஷம் லிப்ட் பழுது பார்த்த மனுஷர் ஒரே நாற்காலியில் எத்தனை நாள் உட்காருவார்? கூடத்துக் கம்ப்யூட்டரே கதி என்று கிடந்தார். நீ கணக்கு ஆரம்பித்துக் கொடுத்த அந்தச் சமூக வலைத்தளம்தான், திறந்தால் பாதி சண்டை, பாதி வைத்தியம். யாரோ ஒரு புண்ணியவான் பிரஷர் மாத்திரையே விஷம், வெந்நீரில் எதையோ கலந்து குடித்தால் போதும் என்று போட, என்னிடம் மூச்சுவிடாமல் ஒன்பது நாள் மாத்திரையை நிறுத்திவிட்டார். பத்தாம் நாள் குளியலறை வாசலில் தலைசுற்றி விழுந்தார். அடி ஒன்றும் இல்லை, பயப்படாதே, டாக்டர்தான் பிடி பிடியென்று பிடித்துவிட்டார். அன்றைக்கே முடிவு செய்தேன், இந்தக் குப்பை இனி என் வீட்டுக்குள் வரக்கூடாது. பார்க்காதீர்கள் என்று சொன்னால் கேட்கிற ஆளா அவர், உனக்குத் தெரியாததா.

அலுவலகத்தில் கணினி பழுது பார்க்கிற அக்காவைப் பிடித்தேன். என்னைவிடப் பத்து வயது சின்னவள், ஆனாலும் எல்லாருக்கும் அக்கா. மூன்று கோப்பு போதும் என்றாள். நான் இன்னார் என்று பிரவுசரிடம் சொல்ல ஒன்று, வேண்டாத சொற்களும் பக்கங்களும் எழுதிய பட்டியல் ஒன்று, ஒவ்வொரு பதிவாகப் பார்த்து, பட்டியலில் இருப்பதை மறைக்கிற நிரல் ஒன்று. சாப்பாட்டு இடைவேளைகளிலேயே இரண்டு வாரம் கற்றேன். வீட்டில் போட்ட முதல் நாள் மொத்தப் பக்கமும் வெள்ளைவெளேர் என்று ஆகிவிட்டது, பதிவுகளை மறைப்பதற்குப் பதில் எல்லாவற்றையும் தாங்குகிற பெட்டியையே மறைத்திருக்கிறேன். அப்பா இன்டர்நெட் போய்விட்டது என்று மோடத்தை நாலு முறை அணைத்து அணைத்துப் போட்டார், நான் வாயே திறக்கவில்லை. அதைச் சரிசெய்தால் மேலே இருக்கிற குப்பை மட்டும் போனது, கீழே இழுக்க இழுக்கப் புதுசு வந்து நின்றது. புதிதாக எது வந்தாலும் மறுபடி பார் என்று ஒரு துண்டு எழுதிச் சேர்த்தேன். அற்புத மூலிகை போச்சு, டாக்டர்கள் மறைக்கும் ரகசியம் போச்சு, எனக்குத் தலைகால் புரியவில்லை. பாத்திரம் தேய்க்கும்போதுகூடப் பாட்டுதான்.

இனி ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். அப்பா பார்த்து வைத்த வேலையை வேண்டாம் என்று சொல்லிவிட்டு நீ கிளம்பிப் போனதிலிருந்து, உன் பேச்சை எடுத்தாலே எழுந்து போகிறவர் ஆயிற்றே. உன்னைப் பார்த்துப் பிரஷர் ஏறிவிடக் கூடாதே என்று, பட்டியலின் கடைசியில் உன் பக்கத்தையும் சேர்த்துவிட்டேன். பிழை திருத்துகிறவள் புத்தி, உறுத்தும் என்று தோன்றினால் கை தானாக அடித்துவிடுகிறது. பெற்றவளே உன்னைக் குப்பையோடு சேர்த்தேன், மன்னித்துவிடு.

மூன்று நாள் வீடு அமைதியாக இருந்தது. நாலாம் நாள் காலை தடியை ஊன்றிக்கொண்டு சமையலறை வாசலில் வந்து நின்றார். என் முகத்தைப் பார்க்காமல், "அவன் பக்கத்துல மூணு நாளா ஒண்ணுமே வரலை. உடம்புக்கு ஏதாவதா இருக்கப் போகுது, போன் பண்ணிக் கேளு" என்றார். கையில் சோப்பு நுரையோடு அப்படியே நின்றுவிட்டேன். இரண்டு வருஷமாகத் தினமும் காலையில் முதல் வேலையாக உன்னைத்தான் பார்த்திருக்கிறார். நீ கருக்கிய ரொட்டி, உன் சைக்கிளின் வளைந்த சக்கரம் எல்லாம் அவருக்கு மனப்பாடம். உன் அறை ஜன்னலில் மழை ஒழுகுகிற இடத்தில் துணியை அடைத்து வைத்திருக்கிறாயாம், அது தப்பாம். ஆனாலும் என்ன அழுத்தம் இந்த மனுஷருக்கு.

எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன், திட்டட்டும் என்று. திட்டவில்லை, காட்டு என்றார். லிப்ட் கதவைச் சோதிக்கிறவர் போலப் பட்டியலை ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்தார், இதெல்லாம் இருக்கட்டும் என்றார். கடைசி வரியில் விரல் நின்றது. "இத்தனை குப்பைக்கு நடுவுல என் பிள்ளையையா போட்டு வெச்சே?" என்றார். என் பிள்ளை என்றார், கண்ணா. இரண்டு வருஷமாக உன் பிள்ளை, உன் பிள்ளை என்று என்னிடம் சொல்லிக்கொண்டிருந்தவர். எனக்கு அழுகை வந்துவிட்டது. அந்த வரியை நான் அழிக்கப் போனேன், விடவில்லை, ஒற்றை விரலால் எழுத்து எழுத்தாக அவரே அழித்தார்.

நேரத்துக்குச் சாப்பிடு, ஈரத் தலையோடு வெளியே போகாதே. நோய்நொடி இல்லாமல் நூறு வயது இரு. தினமும் எதையாவது போடு, வெறும் ரொட்டியானாலும் பரவாயில்லை. ஜன்னலுக்கு ரப்பர் பட்டை ஒட்டிப் படம் போட மறக்காதே. இதை மடிக்கப் போகும்போது அப்பா தோளுக்குப் பின்னால் வந்து எட்டிப் பார்த்தார். பட்டை அரை அங்குல அகலம் இருக்க வேண்டுமாம், ஈரத்தைத் துடைத்துவிட்டுத்தான் ஒட்ட வேண்டுமாம், எழுது என்கிறார், எழுதிவிட்டேன்.

இப்படிக்கு,
சல்லடை செய்த உன் அம்மா,
பக்கத்தில் நிற்கும் உன் அப்பா