உங்கள் ஹெட்போனை இன்று போட்டுப் பார்த்தேன்

என் உயிருக்கு உயிரான மாப்பிள்ளை காளிமுத்துவுக்கு,

இதை எழுதும்போதும் என் வலது காதில் 'ஙொய்' என்று ஒரு சத்தம் ஓடிக்கொண்டே இருக்கிறது. மத்தியானம் ஆரம்பித்தது, இன்னும் விடவில்லை. காரணம் நீங்கள்தான். கோபித்துக்கொள்ளாதீர்கள், உங்களைக் கேட்காமல் உங்கள் ஹெட்போனை எடுத்து மாட்டிவிட்டேன்.

நீங்கள் போய் முப்பத்திரண்டு நாளாகிறது. ரேடியோப் பெட்டியின் மேல் பாக்கியம் ஒரு துணியைப் போட்டு மூடியதோடு சரி, பிள்ளைகளைக்கூட நெருங்கவிடவில்லை. இன்று வீட்டில் சாமான் கட்டும் வேலை. பெட்டி நன்றாக இருக்கிறதா என்று ஒரு தடவை பார்த்துவிடலாமே என்று, பேட்டரியை மட்டும் ரப்பர்த் தோட்டத்து ஃபேக்டரியில் சார்ஜ் ஏற்றிக் கொண்டுவந்தேன். வேறெதையும் தொடவில்லை. ஹெட்போனை மாட்டினேன், ஸ்விட்சைப் போட்டேன். மாப்பிள்ளை, யாரோ இரண்டு கன்னத்திலும் சேர்த்து அறைந்தது போல் இருந்தது! ஐயோ என்று அலறி அதைப் பிடுங்கி எறிந்தேன். ஒன்றுமில்லை, யாரோ ஒரு பெண் செய்தி வாசித்துக்கொண்டிருந்தாள். தரையில் மல்லாந்து கிடந்த ஹெட்போனிலிருந்து அவள் பேசியது அறை முழுக்கக் கேட்டது.

வால்யூம் குமிழைப் பார்த்தேன். அதற்கு மேல் திருக இடமே இல்லை.

"கெட்டுப்போச்சா பாக்கியம்?" என்று கேட்டேன்.

சேலை மடித்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "இல்லண்ணே. அவருக்கு அப்படி வெச்சாத்தான் கேக்கும்."

"என்ன சொல்றே?"

"காதுதான் மூணு வருசமா போயிருச்சே. தெரியாதவன் மாதிரி கேக்கறியே."

எனக்குத் தெரியாது மாப்பிள்ளை. சத்தியமாகத் தெரியாது. வாரம் தவறாமல் உங்கள் வீட்டில் உட்கார்ந்து சாப்பிட்டவன், உங்களை ஓயாமல் கிண்டல் செய்தவன், உங்கள் மனைவியின் கூடப்பிறந்த அண்ணன், எனக்குத் தெரியாது. நான் பேசும்போது என் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பீர்கள். மச்சான் என்ற மரியாதை என்று நான் பூரித்துப்போனேன். நீங்கள் பார்த்தது என் வாயையா?

செரம்பானில் அந்தச் சீன முதலாளி, தவுக்கே, கடைக்குப் போனோமே, பட்டாளத்துக்காரர்கள் கழித்துப் போட்ட ரேடியோ சாமான்களை வாங்கி விற்கிற கடை. ஒரு காலை முழுவதும் அந்த மனிதரைப் பாடாய்ப் படுத்தினீர்கள். முதல் ஜோடி காற்றாய் இலேசாக இருந்தது, பாட்டும் தெளிவாக இருந்தது. வேண்டாம் என்றீர்கள். இரண்டாவதில் காதுக்குத் துணி மெத்தை. அதுவும் வேண்டாம். கடைசியில் விமானம் ஓட்டுகிறவர்கள் போடுகிறதாம், தடித்த ரப்பர் மெத்தையும் தோல் பட்டையும் வைத்த ஒன்றைத் தவுக்கே உள்ளேயிருந்து எடுத்துவந்தார். அம்மிக்கல் கனம். ஒவ்வொன்றையும் மாட்டிக்கொண்டு என்னைப் பக்கத்தில் நிறுத்தி, "வெளிய கேக்குதா மச்சான்? நல்லா கிட்ட வந்து பாருங்க" என்று கத்தினீர்கள். கடைசி ஜோடியில்தான் எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. "இதான் லா!" என்று அவர் கையைப் பிடித்துக் குலுக்கினீர்கள்.

விலையைக் கேட்டு எனக்குத் தலை சுற்றியது. ஆனால் உங்கள் யோசனை எனக்குப் புரிந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். காட்டுக் கம்யூனிஸ்டுகளை வேட்டையாடுகிற மெர்ஜென்சி காலம், முள்வேலிக்குள் நெருக்கியடித்த லயத்து வரிசை வீடுகள், எந்த ஊர் ரேடியோவைக் கேட்கிறான் என்று சுவருக்கு அப்பால் ஒரு காது காத்திருக்கும். மாப்பிள்ளை எவ்வளவு உஷாரான ஆள் என்று ரெம்பாவ் திரும்புகிற பஸ்ஸில் எனக்குள் மெச்சிக்கொண்டே வந்தேன்.

அதற்குப் பிறகு நீங்கள் அதோடு குடும்பம் நடத்திய அழகு! சாயந்திரம் குளித்துவிட்டு, ரப்பர் மெத்தைக்குப் பவுடர் தடவி, தலைப்பட்டையை ஒரு தட்டுத் தட்டி, சம்மணம் போட்டு உட்கார்ந்தால் ஏழு மணி வரை அசைய மாட்டீர்கள். வியர்வையில் மெத்தை பிய்ந்தபோது நீங்களே ரப்பர் ஷீட்டை வெட்டித் தைத்தீர்கள். "எனக்குச் சக்களத்தி வந்துட்டா" என்று பாக்கியம் சொல்லி நாங்கள் சிரிக்காத நாள் கிடையாது. ஒருநாள் நான் கேட்டேன், கொடுங்கள், நானும் ஒரு பாட்டுக் கேட்கிறேன் என்று. முதுகைத் திருப்பிக்கொண்டு பெட்டியில் என்னமோ செய்துவிட்டுத்தான் கொடுத்தீர்கள். அப்போது அவ்வளவு இனிமையாக இருந்தது. குமிழைக் குறைத்திருக்கிறீர்கள்!

ஏன் மாப்பிள்ளை? காது மந்தம் என்று தெரிந்தால் எஞ்சின் வேலையிலிருந்து எடுத்துவிடுவார்கள் என்ற பயமா? ஃபேக்டரியில் ரப்பர் ஷீட் உருட்டுகிற அந்த உருளை மிஷின்கள்தானே உங்கள் காதைத் தின்றன? எஞ்சின் மேல் உள்ளங்கையை வைத்தே எந்த போல்ட் தளர்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவீர்கள். கெட்டிக்காரத்தனம் என்று தோட்டமே புகழ்ந்தது. துரையிடம் சொல்ல வேண்டாம், என்னிடம் சொல்லியிருக்கக் கூடாதா?

இப்போது சொல்லவேண்டியதைச் சொல்லிவிடுகிறேன்.

அன்று பட்டப்பகல் நாலு மணிக்கு, ஆற்றோரத் தண்ணிப் பம்பைப் பார்க்க நீங்கள் குறுக்குப் பாதையில் போனீர்கள். இளம் ரப்பர்க் கன்றுக் காட்டுக்குள் இருந்த ரோந்துக்காரர்கள் மூன்று தடவை "பெர்ஹெந்தி" என்று கத்தினார்களாம். நில் என்று சொல்லியும் நிற்காமல் காட்டுப் பக்கம் நடந்த ஆள் என்று சுட்டுவிட்டார்கள். மூன்றாம் நாள் ஆபீசில் விசாரணை. போலீஸ் அதிகாரி ஒரு பக்கம், பெரிய துரை ஒரு பக்கம். பாக்கியம் பெஞ்சில். அவளுக்காக இங்கிலீஷ் பேச, ஆபீசில் கணக்கு எழுதுகிற சின்னக் கிராணியான நான். அதிகாரி கேட்டார், அந்த ஆளுக்குக் காது சரியாகக் கேட்குமா என்று.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? எங்கள் மாப்பிள்ளையின் காதைப் போல் காது இந்தத் தோட்டத்தில் எவனுக்கும் கிடையாது ஐயா, பாட்டுக் கேட்பதற்கென்றே விமானக்காரர்கள் போடுகிற ஹெட்போன் வாங்கி வைத்திருக்கிற ரசிகர் என்றேன். உங்களை மரியாதைப்பட்ட மனிதராகக் காட்டுகிறேன் என்று நினைப்பு எனக்கு. அவர் தலையாட்டி எழுதிக்கொண்டார். நல்ல காது இருந்தும் நிற்கவில்லை என்றால் காட்டிலிருப்பவர்களோடு சம்பந்தம் இருக்கிறது என்று முடிவாயிற்று. பாக்கியமும் இரண்டு பிள்ளைகளும் வருகிற புதன்கிழமைக்குள் தோட்டத்தை விட்டு வெளியேற வேண்டும் என்று உத்தரவு. இன்றைக்குச் சாமான் கட்டியது அதற்குத்தான்.

இன்று மத்தியானம் அவளிடம் கத்தினேன். "அன்னிக்கே ஏன் சொல்லலை? வாயில என்ன கொழுக்கட்டையா?"

அவள் என்னை விசித்திரமாகப் பார்த்தாள். "சொன்னேனேண்ணே. போலீஸ் தொர கேட்டப்ப நீ என்கிட்டத் தமிழ்ல கேட்டே. 'அவருக்குக் காது'ன்னு வாயத் தொறந்தேன். நீ கையக் காட்டி, 'சும்மா இரு, நான் பேசிக்கறேன்'னே. அப்புறம் இங்கிலீசுல பேசுனே. பேசிக்கிட்டே ரெண்டு காதையும் பொத்திப் பொத்திக் காட்டுனே. கேக்காதுன்னுதான் சொல்றேன்னு நெனச்சேன். அவரும் எழுதிக்கிட்டாரு. எழுதியும் நம்பலையேன்னு இத்தன நாளும் அழுதுகிட்டிருக்கேன்."

நான் காட்டியது ஹெட்போனை மாப்பிள்ளை. அது எப்படிக் காதை மூடும் என்று காட்டினேன்.

கட்டிவைத்த மூட்டை மேலேயே உட்கார்ந்துவிட்டேன். அவளிடம் மறைத்துவிடலாமா என்று ஒரு நிமிடம் தோன்றியது, வெட்கமில்லாமல் ஒப்புக்கொள்கிறேன். பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். வார்த்தைக்கு வார்த்தை. அவள் கையிலிருந்த சேலையைக் கீழே வைத்தாள். பிறகு, "அவரு காத அவ்ளோ பெருமையா பேசுனியாண்ணே?" என்று கேட்டாள்.

"ஆமா."

"கேட்டிருந்தா சந்தோசப்பட்டிருப்பாரு" என்றாள். மறுபடி சேலையை எடுத்து மடித்தாள். ஏசியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

மூன்று தடவை கூப்பிட்டார்களே, ஒரு தடவையாவது ஏதோ சத்தம் போல இருந்ததா உங்களுக்கு? கடைசியாக அந்தத் துப்பாக்கிச் சத்தமாவது கேட்டதா? கேட்காமலே விழுந்தீர்களா? எது உங்களுக்கு நல்லது என்றுகூட எனக்கு நினைக்கத் தெரியவில்லை.

சாயந்திரம் துரை பங்களாவுக்குப் போய், அதிகாரியை மறுபடி பார்க்க வேண்டும் என்று கேட்டேன். நாளைக் காலை பத்து மணிக்கு வரச் சொல்லியிருக்கிறார். பெட்டி, பேட்டரி, ஹெட்போன் மூன்றும் கூடவே வரும், குமிழ் நீங்கள் வைத்த இடத்திலேயே இருக்கும். முதலில் பொய் சொன்னாயா, இப்போது சொல்கிறாயா என்று என்னை உள்ளே தள்ளலாம். கிராணி வேலையும் போகலாம். போகட்டும்.

நாளை நான் வாயைத் திறக்கப் போவதில்லை மாப்பிள்ளை, பாக்கியம்தான் பேசுவாள். அவள் சொல்வதை ஒரு சொல் கூட்டாமல், ஒரு சொல் குறைக்காமல் இங்கிலீஷில் சொல்வேன். எங்கள் அண்ணன் என்னைப் பேசவிடவில்லை என்று அவள் ஆரம்பித்தால், அதையும் அப்படியே சொல்வேன். இது உங்களுக்கு நான் தருகிற வாக்கு.

உங்கள் பாக்கியத்தின் அண்ணன்,
உங்கள் மச்சான்,
ராசமாணிக்கம்