சந்தை ராசாவும் கறுத்த எலுமிச்சையும்

ஜெசிந்தா,

மஸ்கட் சந்தையில் பதினோரு வருஷமாகப் பை தூக்கும் என்னை ஏமாற்றக்கூடிய சரக்கு இந்த அரபு மண்ணில் இன்னும் முளைக்கவில்லை. நேற்று லபான் மோரைப் பால் என்று வாங்கிவந்து டீயைத் திரிய வைத்தது கண்ணாடி போடாத குறை. அதற்காக, "வந்துட்டாருய்யா சந்தை ராசா!" என்று எதிர்வீட்டு ஓமான்காரம்மா உம்மு சாலிம் காதில் விழும்படி நீ சிரித்திருக்க வேண்டாம்.

ஆஸ்பத்திரி டூட்டி முடிந்து வந்ததும் சாப்பிடு. அடுப்பில் நெய்மீன் குழம்பு இருக்கிறது. மீன்காரனோடு அரபியிலேயே சண்டை போட்டு வாங்கிய மீன். உம்மு சாலிம் பேரீச்சம்பழம் வைத்துத் தந்த தட்டை வெறுந்தட்டாகத் திருப்பிவிடாதே; ரவா லட்டு பிடித்து வைத்திருக்கிறேன். நாலு மணிக்கு அவர் உனக்குக் கறிச்சோறு சொல்லித்தர வருகிறாரே, அதற்காகச் சமையலறையையும் சுத்தம் செய்துவிட்டேன்.

— அமலதாஸ்

பி.கு.: மேல்தட்டு பாட்டிலில் எலுமிச்சையெல்லாம் கறுத்துச் சுருங்கிக் கிடந்தன. அழுகல் என்று குப்பையில் கொட்டிவிட்டேன்.

இன்னொன்று: கொட்டும்போது லிப்ட் பக்கத்தில் உம்மு சாலிம் நின்றிருந்தார். "ஜெரினப்பா, அது அழுகல் இல்ல. இன்னைக்குச் சோத்துல போடத்தான் எங்கம்மா வெயில்ல காயவச்சு அனுப்புனதை ஜெசிந்தாகிட்டக் குடுத்துவச்சேன்" என்று அரபியில் சொன்னார். அதை வாங்கத்தான் இப்போது சந்தைக்குப் போகிறேன். கடையில் என்ன பெயர் சொல்லிக் கேட்பதென்று தெரியவில்லை.