சத்தம் போடாத பையன்

ஆம்பூர்,
ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மருமகள் பூர்ணிமாவுக்கு மாமா முனிரத்தினம் எழுதுவது. நெமிலியில் நீயும் உன் அம்மாவும் சுகமாக இருக்க வேண்டும். போனில் பேசினால் பாதியில் நின்றுவிடுவேன். அதனால் எழுதுகிறேன். வரிசை தப்பாமல் இருக்க முதலிலேயே குறித்துக்கொள்கிறேன்.

1. பிரகாஷின் கை.
2. அவனுடைய வேலை.
3. அன்றைக்கு நடந்தது.
4. நீ திரும்பி வர வேண்டும் என்பது.

கை ஆறிவிட்டது. மூன்று விரல் போன இடத்தில் தோல் மினுமினுப்பாக இருக்கிறது. நீ போனதிலிருந்து சட்டைப் பொத்தான் போட்டுவிட ஆளில்லாமல் பனியனோடு திரிகிறான். நேற்று நான் போடப் போனேன். "இன்னாப்பா, நான் இன்னா கொழந்தையா?" என்று தட்டிவிட்டான். கதவைச் சாத்திக்கொண்டு ஸ்பூனால் சாப்பிடுகிறான். எனக்கு எதிரில் சாப்பிடுவதில்லை.

வேலைக்குப் போகவில்லை. உன் ஷூ கம்பெனியில், பெண்களே வேலை செய்யும் உன் லைனிலேயே, ஜோடி சேர்க்கும் மேசையில் நீ கேட்டு வாங்கித் தந்த இடத்துக்கு ஒரே ஒரு நாள் போனவன்தான். அன்று சாயங்காலம் டீக்கடையில், "இன்னா பிரகாசு, நாளைலேர்ந்து பொட்டு வெச்சிக்கினு பஸ் ஏறுவியா?" என்று சிரித்தார்களாம். அதைக் கேட்டுவிட்டு வந்துதான் உன்னை அடித்தான்.

இதைக் காரணம் என்று நான் சொல்லவில்லை. காரணம் இன்னும் பின்னால் இருக்கிறது.

வெள்ளிக்கிழமை ஆபித் பாஷா வந்திருந்தார். விரல் போன அன்று தோல் தொழிற்சாலையில், ஈரத்தோல் பிழியும் மெஷினில் பிரகாஷுக்கு எதிர்ப்பக்கம் நின்றவர். "ஒரு கத்து கத்தியிருந்தா ஒடனே ஆஃப் பண்ணியிருப்பேன் சார். ஒரு வெரலோட போயிருக்கும். பல்லைக் கடிச்சிக்கினு நின்னுட்டான்" என்று அழுதார். ஆஸ்பத்திரியில் பார்க்க வந்தவர்களிடமெல்லாம், என் மகன் கத்தவே இல்லை என்று நான் பெருமையாகச் சொன்னது உனக்கு நினைவிருக்கும்.

உனக்குத் தெரியாத ஒன்றும் உண்டு. கணக்கு வாத்தியாராக இருந்த காலத்தில் எனக்கு வகுப்பைக் கண்டாலே பயம். அதனால் பிரம்பு எடுத்தேன். பையன்களுக்கு ஒரு விதி வைத்திருந்தேன்: சத்தம் போடாமல் வாங்கினால் இரண்டு அடி குறைவு. ஏழாம் வகுப்பில் பிரகாஷ் என்னிடம்தான் படித்தான். அந்த வருஷம் முழுவதும் அவனிடமிருந்து ஒரு முனகல் வந்ததில்லை. "ஆம்பளைன்னா இவன்தான்டா" என்று எல்லார் முன்னாலும் சொல்லியிருக்கிறேன். அவன் முகம் மலர்ந்தது.

இனி மூன்றாவது. அன்று நீ "மாமா" என்று கத்தினாய். தூங்கிவிட்டேன், காதில் விழவில்லை என்று மறுநாள் சொன்னேன். விழுந்தது அம்மா, இரண்டு தடவையும். கட்டிலில் உட்கார்ந்துகொண்டு, நீ சத்தத்தை நிறுத்தினால் எல்லாம் அடங்கிவிடும் என்று காத்திருந்தேன்.

நான்காவதற்கு நிறைய யோசித்து வைத்திருந்தேன். வீடு வீடாக இல்லை, அவன் மனசுக்குள் வருந்துகிறான், நாளாக நாளாகச் சரியாகிவிடும் என்றெல்லாம். வருந்துவது உண்மையாக இருக்கலாம். அவன் வாயால் நான் கேட்கவில்லை. இன்னொரு முறை அவன் கை ஓங்கினால் நான் எழுந்து வருவேன் என்று எழுதப் பார்த்தேன். அந்த வரியை எழுத எனக்குத் தைரியம் வரவில்லை.

நீ கூப்பிட்டால் ஓடி வருகிறவர்கள் நடுவில் நீ நூறு வருஷம் இருக்க வேண்டும். நான்காவதாக நான் குறித்தது தவறு. வராதே அம்மா.

உன் மாமா,
முனிரத்தினம்