மருந்துக் கடை வாசலில் நின்றவன்

மார்ச் 4

எழுத்து கோணல்மாணலாகத்தான் வருகிறது. பின்னொரு நாள் இதைப் புரட்டப்போகும் நானே என்னைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். முதியோர் கல்வி வகுப்பில் பேனா பிடித்து இன்னும் ஒரு வருடம் ஆகவில்லை. ‘ழ’ போடுவதற்குள் மூச்சு வாங்குகிறது. ஆனாலும் நான் நினைத்தது இந்தத் தாளில் இருக்கிறது. நான் தூங்கிப்போனாலும் இருக்கும். என்ன அதிசயம் இது.

மகளின் கையை ஒடித்த மருமகன் எங்கள் வீட்டுப் பக்கமும், அவள் வேலை பார்க்கும் தையல் கம்பெனிப் பக்கமும் வரக்கூடாது என்று கோர்ட் உத்தரவு. இன்று சாயங்காலம் எதிர் மருந்துக் கடை வாசலில் நின்றான். ஹெல்மெட் போட்டிருந்தான். நிற்கிற தோரணை எனக்குத் தெரியாதா?

மார்ச் 5

போலீஸ் ஸ்டேஷன் போனோம். எஸ்.ஐ. அம்மா சொன்னார்: “சும்மா வந்தான்னு சொன்னா நிக்காது தாத்தா. வர்றப்பல்லாம் அப்பவே எழுதி வைங்க. பாத்தத எழுதுங்க, நெனச்சத எழுதாதீங்க. எழுதத் தெரியும்ல?”

தெரியும் என்றேன். இந்தக் கேள்விக்கு இப்படிப் பதில் சொன்னது இதுதான் முதல் தடவை.

மார்ச் 9

வந்தான். போலீஸுக்கான தனித் தாளில் ‘திமிராக நின்றான்’ என்று எழுதி, அடித்துவிட்டு, ‘சுவரில் சாய்ந்து நின்றான்’ என்று எழுதினேன். இதுதான் அதிகம் பயமுறுத்துகிறது. ஏன்?

மார்ச் 14

மறுபடியும் வந்தான். மகள் வேலைக்குப் போகவில்லை. “போனா பின்னாலயே வருவான்ப்பா.” சூப்பர்வைசர் இந்த மாதக் கடைசிவரைதான் பொறுப்பாராம்.

மார்ச் 17

அய்யோ, என்ன காரியம் பண்ணிட்டேன்.

அடித்தல் திருத்தலோடு எப்படிக் கொடுப்பது என்று, எல்லாவற்றையும் நேற்று ஒரே மூச்சில் புதுத் தாளில் அழகாக எழுதினேன். பழசைக் கிழித்து எரித்தேன். இன்று கொண்டுபோய்க் காட்டியதும், எங்கள் கேஸைப் பார்க்கும் வக்கீலம்மா நெற்றியைப் பிடித்துக்கொண்டார்.

“ஒரே நாள்ல உக்காந்து கட்டுன கதைன்னு சொல்லிருவாங்களே தாத்தா. பழசு எங்க?”

மருந்துக் கடைக் கேமராவிலும் இரண்டு நாளுக்கு மேல் படம் நிற்காதாம், பழையது அழிந்துவிட்டது. எல்லாத்தையும் நானே கெடுத்துட்டேனே.

மகள் திட்டவில்லை. “பரிசு வாங்கவாப்பா எழுதுன?” என்று சிரித்தாள். அப்புறம் அழுதாள்.

மார்ச் 20

வந்தான். ஜன்னலோரம் நின்றபடியே எழுதினேன். அவசரத்தில் மை இழுகிக்கொண்டது. அப்படியே விட்டேன். எழுதிய கையோடு எஸ்.ஐ. அம்மாவுக்கு போன்.

அவர் வருவதற்குள் போய்விட்டான். என் தாளைக் கையில் வைத்துக்கொண்டு கடைக் கேமராவை ஓடவிட்டார். சாய்ந்தான். போனை எடுத்தான். ஹெல்மெட்டைக் கழற்றி முகத்தைத் துடைத்தான். எங்கள் ஜன்னலைப் பார்த்தான். நான் எழுதிக் கொடுத்ததை அவன் நடித்துக் காட்டுவதுபோல் ஒவ்வொன்றாக நடந்தது. நடந்து முடிந்ததை நாலு வரி திரும்பக் கூட்டிவந்து நிறுத்துமா?

கடைக்காரர் சும்மா இருப்பாரா. “பெரியவரே, டைரக்டர் ஆயிட்டீங்க. எனக்கும் ஒரு வேஷம் குடுங்க.”

மார்ச் 22

உத்தரவை மீறியதற்காக அவனைப் பிடித்துப்போனார்கள்.

மார்ச் 30

மகள் மறுபடி வேலைக்குப் போக ஆரம்பித்து நாலைந்து நாளாகிறது. இன்று இருட்டிய பிறகுதான் வந்தாள், தனியாக, நடந்தே.

“ஏம்மா இவ்வளவு நேரம்?”

“சும்மாதான்ப்பா. கடை கடையா பராக்கு பாத்துட்டு வந்தேன்.”

சாப்பிட்டுத் தூங்கிவிட்டாள். ஜன்னலைச் சாத்தவில்லை. காற்று நன்றாக வருகிறது.

அடுத்த வாரம் எழுத விஷயம் ஏதும் இருக்காது என்று நினைக்கிறேன். இருந்தாலும் உட்கார்ந்து எழுதுவேன்.