உன் தம்பியும் அவனுடைய இரண்டு டாக்டர்களும்

என் பெரிய மகளுக்கு அம்மாவின் ஆசிகள். இங்கே எல்லோரும் நலம். வழக்கமாக இந்த வரியை நான் ஒப்புக்குத்தான் எழுதுவேன், எழுதிவிட்டு அதன் கீழே வண்டி வண்டியாகக் கவலையை இறக்குவேன், உனக்கே தெரியும். இந்த முறை நிஜமாகவே நலம், அதுவும் தலைகால் புரியாத நலம். நேற்று மாலையிலிருந்து எனக்குச் சிரிப்புச் சிரிப்பாக வருகிறது, தையல் மெஷினில் உட்கார்ந்தால் தையல் கோணிக்கொண்டு போகிறது, உன் அப்பா வந்து உனக்கு என்ன ஆச்சு என்று கேட்டுவிட்டு அவரும் சிரித்துக்கொண்டே போகிறார். இதையெல்லாம் போனில் சொல்லலாம்தான், ஆனால் போனில் நீ சரிம்மா சரிம்மா என்று சொல்லியே என்னை ஓரங்கட்டிவிடுவாய், கடிதத்தில் அந்த வேலை நடக்காது. இரண்டு காரியத்துக்காக எழுதுகிறேன். ஒன்று உன் தம்பியைப் பற்றிய நல்ல சேதி. இன்னொன்று போன வாரம் நீ போகிற போக்கில் சொன்ன ஒரு பேச்சு. காலையில வேலைக்குக் கிளம்பும்போது நெஞ்சு படபடன்னு அடிச்சுக்குதும்மா, ராத்திரி கொஞ்சம் வைன் உள்ள போனாத்தான் தூக்கமே வருது என்று சொல்லிவிட்டுச் சிரித்தாய், நானும் கூடச் சேர்ந்து சிரித்துவிட்டுப் போனை வைத்தேன். வைத்த பிறகு எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. அதற்கு அப்புறம் வருகிறேன். தம்பி கதையைச் சொல்லாமல் அதைச் சொன்னால் உனக்குக் கோபம்தான் வரும்.

நம் கடை வேலைதான் உனக்குத் தெரியுமே, அப்பா ஜன்னலை அளப்பார், நான் திரைச்சீலை தைப்பேன், தம்பி வீடு வீடாகப் போய் ஏணியில் ஏறி மாட்டிவிட்டு வருவான். அவன் குடிப்பதும் உனக்குத் தெரியும், இங்கே இருந்தபோது நீயே அவனோடு எத்தனை தடவை மல்லுக்கட்டியிருக்கிறாய். ஆனால் ஏன் குடிக்கிறான் என்கிற விஷயத்தில் உன் அப்பாவுக்கும் அத்தைக்கும் ஏழாம் பொருத்தம். குடியை விட்டா எல்லாம் தன்னால சரியாயிடும் என்பது அப்பாவின் கட்சி. அவன் மனசுல என்னவோ பயம் உக்காந்திருக்கு, அத சரி பண்ணினா குடி தன்னால விட்டுப் போயிடும் என்பது அத்தையின் கட்சி. அவள் முடி திருத்தும் கடையைச் சாத்திவிட்டு நேரே நம் வீட்டுக்கு வந்து தட்டைக் கையில் எடுத்ததும் வழக்கு ஆரம்பமாகிவிடும், நடுவில் உட்கார்ந்து இரண்டு பேருக்கும் தலையாட்டி எனக்குக் கழுத்து வலி வந்ததுதான் மிச்சம். யாருக்காக வழக்கு நடந்ததோ அவன் தலையைக் குனிந்தபடி சாப்பிட்டுவிட்டு எழுந்து போய்விடுவான். இதில் வேடிக்கை என்னவென்றால், அண்ணனும் தங்கையும் ஒருவருக்கொருவர் தெரியாமல் அவனை டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போக ஆரம்பித்திருக்கிறார்கள். அப்பா கூட்டிப்போனது குடியை நிறுத்த வைத்தியம் பார்க்கும் டாக்டரிடம். பயம் கியம்னு அங்க வாயத் திறக்காத, பைத்தியம்னு எழுதிடுவாங்க என்று சொல்லிக் கூட்டிப்போயிருக்கிறார். அத்தை கூட்டிப்போனது மனநல டாக்டரிடம். குடிக்கிறேன்னு சொல்லிடாத, குடிகாரன்னு சொல்லித் தள்ளி விட்டுடுவாங்க என்பது அவள் போட்ட உத்தரவு. உன் தம்பி யார் மனமும் நோகக்கூடாது என்று இரண்டு இடத்திலும் பாதிப் பாதி ஆளாகப் போய் உட்கார்ந்து எழுந்து வந்திருக்கிறான்.

இது வெளியே வந்த கதையைக் கேள், நடந்து நாலு மாசம் ஆகிறது, அவன் தேறட்டும் என்று உன்னிடம் சொல்லாமல் வைத்திருந்தேன். ஊசியில் நூல் கோக்கக் கண் தடுமாறுகிறதே என்று நான் கண்ணைக் காட்டப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். அன்று காலை அப்பா துணிக் கிடங்குக்குப் போகிறேன் என்று கிளம்பினார், அத்தை கத்தரிக்கோலுக்குச் சாணை பிடிக்கப் போகிறேன் என்றாள், தம்பி திரை மாட்டும் கம்பி வாங்கப் போகிறேன் என்றான், நானும் எல்லாவற்றையும் நம்பிவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறேன். கண்ணில் சொட்டு மருந்து ஊற்றி விட்டார்கள், உலகமே கஞ்சி போட்ட துணி மாதிரி மங்கலாகிவிட்டது. அந்தத் தாழ்வாரத்தில் கொஞ்சம் தள்ளி ஒரு தடித்த தூண், தூணுக்கு இந்தப் பக்கம் ஒரு கதவு, அந்தப் பக்கம் ஒரு கதவு. இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த ஆளின் கழுத்தில் அளவு நாடா தொங்குவது மட்டும் மங்கலாகத் தெரிந்தது, நம்மைப் போல இன்னொரு தையல் குடும்பம் போலிருக்கிறது என்று நினைத்தேன். அந்தப் பக்கம் ஒரு பெண் குரல் நர்ஸைப் பிடித்து, இந்த முகவெட்டுக்கு நடு வகிடு எடுக்கவே கூடாதும்மா என்று பாடம் நடத்திக்கொண்டிருந்தது. ஒரு நீலச் சட்டை மட்டும் தூணைச் சுற்றி இங்கேயும் அங்கேயும் ஓடிக்கொண்டிருந்தது, இந்தப் பக்கம் வந்து பாத்ரூம் போயிட்டு வரேன்ப்பா என்றது, அந்தப் பக்கம் போய் வண்டிய ஓரமா நிறுத்திட்டு வரேன் அத்தை என்றது. அப்போதுதான் எனக்குச் சந்தேகம் தட்டியது. அதற்குள் இரண்டு கதவிலிருந்தும் இரண்டு நர்ஸுகள் ஒரே நேரத்தில் உன் தம்பி பெயரைக் கூப்பிட, அப்பா தூணை இப்படிச் சுற்றி வர அத்தை அப்படிச் சுற்றி வர இருவரும் முட்டிக்கொண்டார்கள். நீ எங்க இங்க என்று அப்பா கேட்க, சாணை பிடிக்க வந்தேன் அண்ணா என்றாள் அவள், ஆஸ்பத்திரியில் நின்றுகொண்டு. நீ எங்க வந்த என்று அவள் திருப்பிக் கேட்டதற்கு உன் அப்பா திருதிருவென்று விழித்துவிட்டு, துணி பாக்க வந்தேன் என்றார். நான் உட்கார்ந்த இடத்திலேயே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்ததில் சொட்டு மருந்தெல்லாம் கன்னத்தில் வழிந்துவிட்டது.

ஆனால் அந்தச் சிரிப்பு அதிக நேரம் நிற்கவில்லை கண்ணு. உன் தம்பி சுவரோடு சுவராகச் சரிந்து தரையில் உட்கார்ந்துவிட்டான். சட்டை வேர்வையில் தொப்பலாக நனைந்துவிட்டது, மூச்சு முட்டுது செத்துப் போயிடுவேன்மா என்கிறான். நான் பக்கத்தில் போய் அவன் கையைப் பிடித்தேன், பனிக்கட்டி மாதிரி இருந்தது. இத்தனை வருஷமும் இதை எங்கள் யார் கண்ணிலும் படாமல் மறைத்து வைத்திருந்தான் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது, அழுதுவிட்டேன். இரண்டு டாக்டரும் வெளியே ஓடி வந்தார்கள், இவர் என்னோட பேஷன்ட் ஆச்சே என்று இருவரும் ஒரே மூச்சில் சொன்னார்கள். அவர்கள் தினமும் ஒரே மேசையில் சாப்பிடுகிறவர்களாம், பேச்சில் ஒருநாளும் இவன் அடிபட்டதில்லையாம்.

எல்லோரையும் ஒரே அறைக்குள் கூட்டி உட்கார வைத்தார்கள். அங்கேதான் உன் தம்பி முதல் தடவையாக முழுக் கதையையும் சொன்னான். வேலைக்குப் போக ஆரம்பித்த காலத்திலிருந்தே, தெரியாத வீட்டு வாசலில் நின்று மணியை அழுத்தப் போனால் நெஞ்சு அடித்துக்கொண்டு கண் இருட்டுமாம். ஒருநாள் யாரோ ஊற்றிக் கொடுத்ததைக் குடித்ததும் அது சட்டென்று அடங்கியிருக்கிறது. எனக்கு மருந்து கிடைச்சிடுச்சுன்னு அன்னைக்கு அவ்வளவு சந்தோஷப்பட்டேன் என்றான். அந்த மருந்து இறங்கியதும் மறுநாள் காலையில் பயம் வட்டியும் முதலுமாகத் திரும்பி வந்திருக்கிறது, அதை அடக்க மறுபடி குடி. மனநல டாக்டர் தான் எழுதிக் கொடுத்த மாத்திரை நினைவுக்கு வந்து முகம் வெளுத்துப் போனார், குடியோடு அது சேர்ந்தால் தூக்கத்திலேயே மூச்சு அடங்கிப் போகுமாம். நல்லவேளை, மாத்திரையைப் பார்த்தும் பயந்துகொண்டு உன் தம்பி அதைச் சுத்தியல் பெட்டிக்குள் போட்டு வைத்திருந்தான், அவன் பயம் அவனுக்குச் செய்த ஒரே நல்ல காரியம் அதுதான். அப்பா அளவு நாடாவை விரலில் சுற்றுவதும் அவிழ்ப்பதுமாக இருந்துவிட்டு, அப்ப எதுங்க முதல்ல வந்துச்சு என்று கேட்டார், வழக்கில் ஜெயிக்கும் ஆசை இன்னும் விடவில்லை. குடி டாக்டரம்மா சிரித்துவிட்டு, அத நீங்க சாப்பாட்டு மேசையில பேசிக்குங்க, எங்களுக்கு ரெண்டையும் சேர்த்துப் பாத்தாத்தான் வேலை நடக்கும், ஒண்ணைச் சொல்லி ஒண்ணை மறைச்சா இவர் பொழைக்கிறது கஷ்டம் என்றார். அண்ணனும் தங்கையும் அசடு வழியத் தலையாட்டினார்கள்.

அதிலிருந்து இரண்டு டாக்டரும் சேர்ந்துதான் பார்க்கிறார்கள். கொஞ்ச நாள் ஆஸ்பத்திரியிலேயே வைத்திருந்து, உடம்பு தாங்குகிற மாதிரி பார்த்துக் குடியை நிறுத்தினார்கள், கூடவே பயத்துக்கு வேறு மருந்தும் பயிற்சியும் பேச்சும். வீட்டுக்கு வந்த பிறகு நடுவில் ஒரு தடவை சறுக்கினான், அதையும் மறைக்காமல் எழுதுகிறேன். பழைய அப்பாவாக இருந்தால் வீடு இரண்டுபட்டிருக்கும், இந்தத் தடவை அவர் சட்டையை மாட்டிக்கொண்டு, வாடா, ரெண்டு பேருகிட்டயும் போய்ச் சொல்லிட்டு வந்துடலாம் என்று மட்டும் சொன்னார். இதைச் சொன்னது உன் அப்பாதான், சத்தியமாக. நேற்று நடனப் பள்ளி மேடைக்குப் பெரிய திரை மாட்ட வேண்டிய வேலை, தனியாப் போறேன் என்று சொல்லிக் கிளம்பிவிட்டான். நாங்கள் மூன்று பேரும் வீட்டில் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு வாசலையே பார்த்துக்கொண்டிருந்தோம், அத்தை தன் கடையைத் திறக்கவே இல்லை. ஏணியில் பாதி ஏறியதும் அவனுக்கு அந்தப் பயம் வந்துவிட்டதாம். இறங்கித் தரையில் உட்கார்ந்து, எனக்குத் திடீர்னு பயம் வரும் டீச்சர், கொஞ்சம் உக்காந்தா போயிடும் என்று சொல்லியிருக்கிறான். அந்த அம்மா ஒன்றும் கேட்காமல் தானும் பக்கத்தில் உட்கார்ந்து காலை நீட்டிக்கொண்டாராம். பயம் போனதும் ஏறி முழுத் திரையையும் மாட்டிவிட்டுத்தான் வந்தான். வந்தவன் வாயெல்லாம் பல்லாக நின்றான், அவன் வாயில் பற்பசை வாசனை தவிர வேறொன்றும் இல்லை. நாங்கள் உடனே கூட்டமாகக் கிளம்பிப் போய்ப் பார்த்தோம், அப்பா கயிற்றை இழுத்துத் திரையைத் திறப்பதும் மூடுவதுமாகக் குழந்தை மாதிரி ஆடினார், டீச்சர்தான் கடைசியில் கயிற்றை வாங்கி வைத்துக்கொண்டார். எனக்குக் கால் தரையில் பாவவில்லை, அந்த மேடையில் ஏறி ஒரு சுற்றுச் சுற்றியும் விட்டேன், இடுப்பு இன்று கேள்வி கேட்கிறது.

இப்போது உன் விஷயம். ஒரு கிளாஸ்தானேம்மா என்பாய், இருக்கலாம், நான் உன்னைக் குடிகாரி என்று சொல்லவில்லை. காலையில் வருகிற படபடப்பும் ராத்திரி கையில் எடுக்கிற கிளாஸும் ஒன்றையொன்று கூப்பிட ஆரம்பித்துவிட்டதோ என்றுதான் எனக்குப் பயம். அங்கே ஒரு நல்ல டாக்டரைப் பார், இரண்டையும் சேர்த்துச் சொல், எது அவமானமாகத் தோன்றுகிறதோ அதை முதலில் சொல். நீயாகக் கடையில் தூக்க மாத்திரை வாங்கி விழுங்கிவிடாதே. வேளைக்குச் சாப்பிடு. அத்தை உன் முடியைக் கண்டபடி வெட்டிக்கொள்ளாதே என்று சொல்லச் சொல்கிறாள், அப்பா எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டு தன் ஆசியையும் சேர்த்து எழுதச் சொல்கிறார். நீ உடம்பும் மனமும் நன்றாக, நிறைந்த ஆயுளோடு இருக்க வேண்டும் என் தங்கமே.

இன்னொன்று. நீ சொன்னதை நான் தம்பியிடம் சொல்லிவிட்டேன். அம்மாவை நம்பிச் சொன்னால் இப்படித்தானா என்று உனக்கு ஆத்திரம் வரும், வரட்டும், பாதியை மறைத்து ஒரு பிள்ளையைப் பறிகொடுக்கப் பார்த்த வீடு இது.  கேட்டதும் அவன், அக்கா கிளாஸ எடுக்கிற நேரம் எதுன்னு எனக்குத் தெரியும்மா, அந்த நேரத்துக்கு நான் கூப்பிடறேன் என்றான். கூப்பிடுவான். உன் கோபம் நியாயம்தான், போனை எடுத்துவிட்டுக் கோபப்படு.

இப்படிக்கு,
உன் அம்மா