ஒரு நெடிலின் பொருட்டு

கோட்டையில் அபாய முரசு அதிர அதிர எழுதப்படும் ஓலை இது. எழுத்து நடுங்கினால் பொறுத்தருள்க.

வெண்கோட்டு நாடாளும் மாமன்னர் பெருநற்கோவின் திருவடி தாங்கும் அமைச்சன் மாறன்பொறை, மருதவாயில் கல்விச்சாலைத் தலைமை ஆசான் சேந்தங்கோவுக்கு விடுப்பது. உம் ஊரில் மழை தவறாதிருக்க. உம் மாணாக்கர் நாப்பிழையாதிருக்க.

பெரும்புலவரின் பாட்டடியைத் தொடர்ந்து மாணாக்கர் தம் பாட்டை எழுதிப் பழக வேண்டும் என ஆணையிட்டவன் நானே. அவைப்புலவர் தாழைக்கோவனார், ‘மன்னவன் செங்கோல் மழையெனப் பெய்தலால்’ என வெண்பாவுக்கு முதலடி தந்தார். நாடெங்குமிருந்து வந்த ஏடுகளை இன்று காலை அவையில் படிக்கச் செய்தோம். உம் மாணாக்கி, பன்னிரண்டு வயதுக் கயற்கொடியின் ஏடு வந்தது. படிப்போன் உரக்கப் படித்தான்: ‘கோட்டையை எரி தொடும்.’

பகைவர் கோட்டைக்குத் தீ வைக்கக்கூடும் என்று ஒற்றர் நேற்றுத்தான் சொல்லியிருந்தனர். இது பாட்டன்று, பகைவர்க்கு விடும் குறிப்பு என்று கூவினார் காவற்றலைவர் எயினன். முரசு எழுந்தது. வாயில்கள் அடைபட்டன.

ஏட்டை வாங்கிப் பார்த்தேன். ஓலையில் எகரக் குறிலுக்கும் ஏகார நெடிலுக்கும் வடிவம் ஒன்றே என்பதை உமக்குச் சொல்ல வேண்டா. புள்ளி குத்திப் பிரித்தால் ஏடு கிழியும். அவள் எழுதியது ஏரி. படிப்போன் கண்டது எரி. செங்கோல் மழையாய்ப் பொழிய, நிறைந்த ஏரி கோட்டையைத் தொடுகிறது என்பதே அவள் கருத்து எனப் பணிந்துரைத்தேன். தலை போகும் நேரத்தில் எந்தக் குறிலும் நெடிலாகும் என்று எயினன் நகைத்தார். மன்னர் தாழைக்கோவனாரை நோக்கினார். ஓசை அறிந்த அப்பெரியவரோ தலை குனிந்து நின்றார்.

நாளை உச்சிப்பொழுது வரையே தவணை. அதற்குள் அச்சொல் ஏரிதான் என்று மெய்ப்படாவிடில், எழுத்தாணி பிடித்த அவள் விரல்கள் கொய்யப்படும். கல்விச்சாலைகளில் பாட்டெழுதுவதும் அன்றோடு நிற்கும். எப்படி மெய்ப்பிப்பது என்று இக்கணம்வரை நான் அறியேன்.

ஆகவே, ஓலை கண்டதும் அவளைத் தேரேற்றி நீரே அழைத்து வருக. விரல் பற்றிய சொல் அவள் செவியில் விழ வேண்டா. அவள் எழுதிய பிற ஏடுகளையும் கட்டி எடுத்து வருக. அச்சத்தால் மற்றப் பிள்ளைகளின் எழுத்தாணியைப் பிடுங்கி வைக்காதீர். ஒருமுறை அஞ்சிய கை, பிறகு புதிதாய் ஒரு சொல்லும் எழுதாது.

இது நம் முத்திரை பெற்ற ஆணை. ஏரியும் எழுத்தும் நிலைக்க.

மேலும் ஒன்று. முத்திரைக்கு அரக்கு உருகிக்கொண்டிருக்கையில் தாழைக்கோவனார் தனியே வந்து என் கையைப் பற்றினார். நாளை மன்னர்முன் சொல்லவும் இசைந்துள்ளார். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்:

“‘எரி’ என்று படித்தால் தளை தட்டுகிறது, ‘ஏரி’ என்றால்தான் வெண்பா; கேட்ட கணமே தெரியும் அமைச்சரே, ஆனால் என் அடியைவிட அவள் அடி நன்றாயிருந்தது.”