சாகாதவருக்கு வந்த மலர்வளையம்

முண்டக்கயம்
14 ஜனவரி 1987, புதன்

பிரியமுள்ள சிசிலிக்கு,

கர்த்தர் உன்னைக் காக்க. என்னை உன்னிடமிருந்து காக்க. குற்றத்தை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். நேற்றைய பதிப்பில் உன் அப்பாவை, நம் அப்பச்சனை, நான் கொன்றுவிட்டேன். பதறாதே. இதை எழுதும்போது அவர் அடுத்த அறையில் மரவள்ளிக்கிழங்கும் மத்திக் குழம்பும் மூன்றாவது தடவையாகப் போட்டுச் சாப்பிடுகிறார்.

நம் பத்திரிகை மலைநாட்டு வார்த்தா குவைத்தில் உங்கள் நர்ஸ் விடுதிக்குச் சனிக்கிழமைதான் வரும். அதற்குள் உனக்கு விஷயம் தெரியவேண்டும். இரண்டு நாளாக ட்ரங்க் கால் போட்டுப் பார்த்தேன், லைன் கிடைக்கவில்லை. தந்தி அடிக்கப் போனேன். "அப்பச்சன் சாகவில்லை" என்று ஒரு தந்தி வந்தால் நீ அங்கேயே விழுந்துவிடுவாய் என்று திரும்பிவிட்டேன். லீவு முடிந்து நாளை விமானம் ஏறும் பிலோமினா கையில்தான் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

நடந்தது இதுதான். போன வருடம் அப்பச்சன் ஸ்டூடியோவுக்குப் போய், கோட்டு வாடகைக்கு வாங்கி, தன் மரண அறிவிப்புக்கான படம் எடுத்துக்கொண்டு வந்தார் என்று எழுதியிருந்தேனே, ஞாபகமிருக்கிறதா? வாசகமும் தானே எழுதி, என் நிருபர் முத்திரை குத்திய கவரில் போட்டு ஒட்டி, "நான் போனதும் அனுப்பு. வழக்கம்போல தப்பும் தவறுமா நீ எழுதித் தொலைக்காதே" என்று சொல்லித் தந்தார். மேசை இழுப்பறையில் வைத்திருந்தேன். திங்கள் மாலை தேவாலயப் பெருநாள் செய்தியைக் கவரில் போட்டுக்கொண்டு கிளம்பினேன். வழியில் கள்ளுக்கடை. இரண்டே குப்பி. (சரி, நான்கு.) வழக்கம்போல் ஆபீஸில் சேர்க்கச் சொல்லிக் கோட்டயம் பஸ் கண்டக்டர் வாவச்சனிடம் ஒரு கவரைக் கொடுத்தேன். எந்தக் கவர் என்று கர்த்தருக்குத்தான் தெரியும். விடிந்தால் பெருநாளைக் காணோம். கோட்டு போட்ட அப்பச்சன் கால் பக்கத்துக்குச் சிரிக்கிறார். இழுப்பறையும் காலி.

நம் ஊரைத்தான் உனக்குத் தெரியுமே. மந்திரிசபை கவிழ்ந்தாலும் முதலில் புரட்டுவது மரணப் பக்கத்தைத்தான். யார் போனது, எந்த வீட்டார், பிள்ளைகள் எந்த நாட்டில், அடக்கம் எத்தனை மணிக்கு. இதெல்லாம் முடிந்த பிறகுதான் மந்திரி. ஏழு மணிக்கே முற்றத்தில் முப்பது பேர். அப்பச்சன் பாதி சவரத்தோடு வெளியே வந்து, "யாருடா செத்தது?" என்று கேட்டார். வலியவீட்டு அன்னக்குட்டி மயங்கியே விழுந்தாள்.

எட்டு மணிக்கு வந்தார் உன் தொம்மிச்சன் சித்தப்பா. இருபத்திரண்டு வருடத்துக்குப் பிறகு! அண்ணனும் தம்பியும் பிரிந்தது சொத்துக்கா? தேர்தலில் எந்தப் பத்திரிகை உண்மையை எழுதியது என்ற சண்டையில்தானே. அன்றிலிருந்து அப்பச்சனுக்கு எதிர்ப் பத்திரிகை, சித்தப்பாவுக்கு நம் பத்திரிகை. பாலத்துக்கு அப்பால் இருந்தே மாரில் அடித்துக்கொண்டு மலர்வளையத்தோடு ஓடி வந்தவர், அண்ணனைப் பார்த்ததும் சிலையாகிவிட்டார்.

"டேய் தொம்மிச்சா, வாடின பூவாப் பாத்து வாங்கினியா, கஞ்சப்பயலே?" என்றார் அப்பச்சன்.

"உங்க பத்திரிகையில வந்திருந்தா நான் நம்பியிருக்கவே மாட்டேன், அண்ணா. இது எங்க பத்திரிகையில வந்துச்சே! அது பொய் எழுதாதே!"

"அப்ப நான் செத்துட்டேங்கறியா?"

"பத்திரிகை சொல்லுது."

இருவரும் கட்டிப்பிடித்து அழுதார்கள், பிறகு சிரித்தார்கள், பிறகு பழைய தேர்தலை விட்ட இடத்திலிருந்து தொடங்கினார்கள். சித்தப்பா இன்னும் வீட்டுக்குப் போகவில்லை. மலர்வளையம் பசுவுக்குப் போயிற்று.

ஆபீஸில் என்னிடம் விளக்கம் கேட்டிருக்கிறார்கள். என் வேலை ஆடுகிறது. போனில் திருத்தம் போடுகிறோம் என்றார்கள். அப்பச்சன் என் கையிலிருந்து போனைப் பிடுங்கி, "எவன் கேட்டான் திருத்தம்? வரவேண்டியவங்க இன்னும் வந்து முடியலை. ஞாயித்துக்கிழமைக்கு மேல போடு" என்று வைத்துவிட்டார். யாருக்காகக் காத்திருக்கிறாரோ! மலபாரிலிருக்கும் பெரிய அத்தைக்காக இருக்கும்.

ஒரு சந்தோஷம் சொல்லவா? வீட்டோடு மாப்பிள்ளையான என்னைப் பத்தொன்பது வருடமாக "அந்தப் பேப்பர்க்காரன்" என்பவர், தன் கைப்பட என்ன எழுதியிருக்கிறார் தெரியுமா? "மகள்: சிசிலி (குவைத்). மருமகன்: குரியாச்சன், பத்திரிகையாளர்." அதுவும் நம் பத்திரிகையில்! கத்தரித்து பர்ஸில் வைத்திருக்கிறேன். வேலை போனாலும் இது போகாது.

ஆகவே அழுதுகொண்டு லீவு கேட்காதே. நான்கு வருடம் ஊருக்கு வராமல் பொறுத்துவிட்டாய். அடுத்த ஈஸ்டரோ, அதற்கடுத்ததோ, வசதிப்படி வா. அந்தக் கோட்டுப் படம் மறுபடி அச்சேற இன்னும் இருபது வருடம் ஆகட்டும் என்று ஜெபி. எனக்காகவும் கொஞ்சம்.

உன் பாவியான கணவன்,
குரியாச்சன்

பின்குறிப்பு: கவரை ஒட்டப்போகும் நேரத்தில் வாவச்சன் வந்தான். நான் திங்களன்று கொடுத்த பெருநாள் கவரைத் தலை சொறிந்துகொண்டே நீட்டினான். சீட்டுக்கடியில் மறந்துவிட்டானாம். அவன் ஆபீஸில் சேர்த்தது, அடுத்த நிறுத்தத்தில் அப்பச்சன் தானே ஏறி வந்து கொடுத்த கவர். கொடுத்துவிட்டு ஒன்றே ஒன்று கேட்டாராம்: "இந்தப் பேப்பர் குவைத்துக்குப் போய்ச் சேர எத்தனை நாளாகும்டா?"